செமிகோலனுக்குக் கீழே ஓடாத வரி

செவ்வாய்ப்பேட்டை மண்டியின் மூட்டைக் கணக்கோ, சேகோ ஆலையின் ஜவ்வரிசி இருப்போ, பாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் மொழியில் எழுதிய பழைய புரோகிராம் கைக்கு வந்தால், எடிட்டர் காட்டும் நிறங்களை அப்படியே நம்பாதீர்கள். விஷுவல் பாக்ஸ்ப்ரோ 9தான் கடைசிப் பதிப்பு. மைக்ரோசாஃப்ட் ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்துவிட்டது. சிவப்புக் கோடு விழுந்தால் பெரும்பாலும் தடுமாறுவது, வரிகளைப் பகுத்துப் படிக்கும் எடிட்டரின் பார்சர்தான். அதற்காக ஓடுகிற புரோகிராமைத் திருத்தப் போகாதீர்கள், பார்சருக்கான விதிகளைத் திருத்துங்கள்.

மிக ஆபத்தான இடம் கமெண்ட், அதாவது கணினி ஓட்டாமல் விடும் குறிப்பு வரி. பாக்ஸ்ப்ரோவில் வரிக் கடைசியில் செமிகோலன் இருந்தால் அடுத்த வரியும் அதன் தொடர்ச்சி. கமெண்டுக்கும் இதே விதி. * போட்டுத் தொடங்கிய கமெண்ட், சி மொழிப் பழக்கத்தில் ஒரு செமிகோலனோடு முடிந்துவிட்டால், கீழே கழிவைக் கழிக்கும் வரி ஓடவே ஓடாது. எடிட்டரோ அதை ஓடும் வரியாகவே நிறம் காட்டும். தலைகீழாகவும் நடக்கும்: தொடர்ச்சி வரி * குறியில் தொடங்கினால் அது பெருக்கல், கமெண்ட் அல்ல.

டெக்ஸ்ட்மேட் கிராமர், அதாவது எடிட்டருக்கு நிறம் சொல்லும் விதிப் பட்டியல், வரி வரியாகத்தான் ரீஜெக்ஸை (எழுத்து வடிவத்தைத் தேடும் வாய்பாட்டை) ஓட்டும். ஒற்றை மேட்ச் விதி அடுத்த வரியை எட்டாது. பிகின், எண்ட் ஜோடியாக எழுதி, செமிகோலன் இல்லாத வரியில் முடிக்க வேண்டும். புரோகிராமை மரவடிவில் பகுக்கும் ட்ரீ-சிட்டர் என்றால், எழுத்துகளை டோக்கன்களாக (சிறு துண்டுகளாக) வெட்டும் தனி ஸ்கேனர் எழுதலாம். அதில் 'முந்தைய வரி தொடர்கிறது' போன்ற நிலையை வைத்திருந்தால் அதை சீரியலைஸ் செய்தே (பைட்டுகளாக மாற்றிச் சேமித்தே) ஆக வேண்டும். விட்டால், ஃபைலின் நடுவில் ஓர் எழுத்தை மாற்றியதுமே கீழே எல்லாம் குழம்பும். பிழை மீட்பின்போது எந்த டோக்கனும் இங்கே வரலாம் என்றே ஸ்கேனருக்குத் தகவல் வரும், அதையும் தனியாகத் தடுங்கள்.

சதுர அடைப்புக்குறி இரட்டை வேடம் போடும். முன்னால் வேரியபிள் பெயர் இருந்தால், அரே என்ற வரிசைப் பட்டியலில் இட எண். சமக்குறியோ காற்புள்ளியோ இருந்தால் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். பின்சாய்வுக்கோடு (\) இங்கே, அடுத்த எழுத்தின் பொருளை மாற்றும் எஸ்கேப் குறி அல்ல. சி கிராமரிலிருந்து அந்த விதியை நகல் எடுத்தால், "சி:\டேட்டா\" என்ற ஸ்ட்ரிங் மூடாமலே ஓடும். கட்டளைகளை முதல் நான்கு எழுத்தோடு சுருக்கி எழுதியிருப்பார்கள், அதையும் சேருங்கள்.

ஸ்ட்ரிங்குக்குள் டிஸ்கி, டாப் போன்ற பழைய எழுத்துமுறைத் தமிழ் இருந்தால், யுடிஎஃப்-8 ஆகத் திறந்து சேமித்ததும் அந்த பைட்டுகள் போய்விடும், திரும்ப வராது. முதலில் நகல் எடுத்துவிட்டு, ஐஎஸ்ஓ 8859-1 ஆகத் திறங்கள்.

பார்சர் பிழை என்று குறிக்கும் எரர் நோடுகளை மட்டும் எண்ணிச் சோதித்தால் போதாது. கமெண்டில் ஒளிந்த வரி பிழையே இல்லாமல் பார்ஸ் ஆகும். அதனால் ஒவ்வொரு விநோத வரிக்கும், வர வேண்டிய நோடின் பெயரோடு ஒரு டெஸ்ட் எழுதி வையுங்கள்.