கொறடா வேறு, கட்டொழுங்கு அதிகாரி வேறு

அரசியல் இணையத்தொடர்களைப் பற்றிக் கோலாலம்பூரில் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம், அவையில் தம் கட்சி உறுப்பினர்களை வாக்களிக்கத் திரட்டும் 'விப்' என்னும் பதவிக்கு, மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் இடும் 'கட்சிக் கட்டொழுங்கு அதிகாரி' என்னும் பெயர் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கொறடா என்பதே அதற்குத் தகுந்த பெயர் என்பது என் கருத்து. நெட்பிளிக்ஸ் 2013-இல் வெளியிட்ட 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சிக் கொறடாவாக வரும் பிராங்க் அண்டர்வுட்டும் இந்தப் பெயரிலிருந்து தப்பவில்லை.

ஆங்கிலச் சொல் வேட்டைக்களத்தில் பிறந்தது. கூட்டத்தை விட்டு விலகும் வேட்டை நாய்களைச் சாட்டையைக் கொண்டு உள்ளே திருப்புபவரின் பெயரே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் வந்து 'விப்' எனச் சுருங்கியது. கொறடாவும் சாட்டைதான், பிறமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல்.

இந்நாட்டில் கட்டொழுங்கு என்றதும் தமிழ்ப்பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியரே நினைவுக்கு வருவார். முடியை வெட்டாமல் வந்தவனையும் மணியடித்த பின் வாசலில் நிற்பவனையும் விசாரிப்பது அவர் பொறுப்பு. தவறு நடந்த பிறகே அவருக்கு வேலை. கொறடாவின் வேலையோ வாக்கெடுப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். யார் வெளிநாட்டில் இருக்கிறார், யார் மனத்தாங்கலில் இருக்கிறார், யாரை எதைச் சொல்லி அழைத்து வரலாம் என்று ஒவ்வொரு தலையாக எண்ணிக் கணக்கைத் தலைமையிடம் ஒப்படைப்பவர் அவர். அண்டர்வுட்டின் பலமும் இந்தக் கணக்குத்தான். தண்டனை வழங்குவது கட்சியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் பாடு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், வாசகர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

கொறடாவின் உத்தரவுக்குச் சட்டம் தரும் பலமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்திய அரசியலமைப்பில் 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணைப்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தவர் பதவி இழக்க நேரிடும். மலேசியாவில் 2022-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், அதாவது அரசியலமைப்பின் 49ஏ பிரிவு, கட்சியை விட்டு விலகுபவரின் இடத்தைத்தான் காலியாக்குகிறது; கொறடாவின் சொல்லை மீறி வாக்களிப்பதை மட்டும் அது காரணமாகக் கொள்வதில்லை. இங்குள்ள கொறடாவுக்கு இல்லாத தண்டிக்கும் அதிகாரத்தை மொழிபெயர்ப்பாளர் ஏன் தம் கையால் வழங்க வேண்டும்?

இலங்கை நாடாளுமன்றத்தின் தமிழில் இப்பதவிக்குக் 'கோலாசான்' என்றும், அதன் தலைமைக்கு 'முதற்கோலாசான்' என்றும் பெயர். இலக்கணமும் ஓசையும் பொருந்திய ஆக்கம். ஆனால் ஆசான் என்றதும் உறுப்பினர்கள் மறுபடியும் மாணவர்களாகிவிடுகிறார்கள். கோலுக்கோ அவையில் ஏற்கெனவே செங்கோல் என்று வேறொரு பொருள் இருக்கிறது. எனினும் தனித்தமிழ் வேண்டுவோர் இதையே எடுத்துக்கொள்ளலாம், கட்டொழுங்கு அதிகாரியை வேண்டாம்.

கொறடா தமிழ்ச் சொல் அன்று என்னும் வாதம் உண்மையே. ஆயினும், மாட்டை யாரும் கொறடாவால் ஓட்டுவதில்லை. இன்றைய தமிழில் அதற்கு அவைப் பொருள் ஒன்றே எஞ்சியிருக்கிறது. ஒரு கலைச்சொல்லுக்கு அந்தத் தெளிவு எனக்குப் போதும். வேர் தமிழாக இருந்து பொருள் பிசகும் சொல்லால் யாருக்கு என்ன பயன்?

இதே மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தின் 'த்ரீ-லைன் விப்' என்னும் தொடரை 'மூன்று வரிச் சவுக்கு' என்றும் எழுதுகிறார்கள். சவுக்கும் பாரசீக வழி வந்ததுதான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிரிட்டனில் உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும் அறிவிப்பில், கட்டாயம் வந்து வாக்களிக்க வேண்டிய அலுவலின் அடியில் இழுக்கப்படும் மூன்று கோடுகளையே அத்தொடர் குறிக்கிறது. அங்கே 'கண்டிப்பான கொறடா உத்தரவு' என்று எழுதினால் போதும்.