ஈஸ்ட் செல் எழுப்பும் சுவரும் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்தும்

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் செல் சுவரை ஒளிரச் செய்யும் கால்கோஃபுளோர் சாயமிட்ட ஸ்லைடைப் புறஊதா ஒளியில் பார்க்கும்போதெல்லாம், ஒற்றைச் செல் பூஞ்சையான ஈஸ்டின் செல்கள் மேல் நீலவெண்மையாக ஒளிரும் சிறு வளையங்களில்தான் என் பார்வை முதலில் நிற்கும். தாய்ச் செல்லிடமிருந்து சேய்ச் செல் பிரிந்துபோன இடத்தில் எஞ்சிய, கைட்டின் என்ற உறுதியான சர்க்கரைச் சங்கிலிப் பொருளாலான தழும்புகள் அவை. பூஞ்சைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் உதவாது என்று நான் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் நடுவில் பிளந்து பெருகுவதில்லை, அரும்புவிட்டுப் பெருகுகிறது. அரும்பு வெளிப்படும் முன்பே, அது முளைக்கவிருக்கும் இடத்தைச் சுற்றிக் கைட்டின் வளையம் ஒன்று அமைந்துவிடுகிறது. பின்னர் பெரும்பகுதி குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியாலும், அதன்மேல் மேனோபுரதம் என்ற, சர்க்கரை இணைந்த புரதப் போர்வையாலும் ஆன சுவருடன் அரும்பு பருக்கிறது. உட்கரு பிரிந்து இரு பக்கமும் சேர்ந்ததும், கழுத்திலுள்ள ஆக்டின்-மயோசின் புரத வளையம் சுருங்கச் சுருங்க, அதைத் தொடர்ந்து கைட்டின் உள்நோக்கி வளர்ந்து மெல்லிய முதல் குறுக்குச் சுவராகிறது. அதன் இருபுறமும் தாயும் சேயும் தத்தம் பங்குக்குத் தடித்த இரண்டாம் சுவரை எழுப்புகின்றன. இந்த வரிசை பிசகக் கூடாது. செல்லின் உள்ளழுத்தம் மிக அதிகம் என்பதால், சுவர் முடியுமுன் இணைப்பு அறுந்தால் செல் வெடித்துவிடும். எல்லாம் முடிந்த பிறகே சேய்ச் செல் தன் பக்கத்திலிருந்து கைட்டினேஸ் நொதியைச் சுரந்து முதல் சுவரைக் கரைத்து விடுபடுகிறது. கைட்டின் வளையம் தாயிடமே தங்கிவிடுவதால், தழும்புகளை எண்ணினாலே அது எத்தனை சேய்களை ஈன்றது என்று அறியலாம். ஒரு தாய்ச் செல் தன் வாழ்நாள் முழுவதும் ஈனும் சேய்கள் சராசரியாக ஏறத்தாழ 25.

மனிதருக்கு நோயுண்டாக்கும் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகையும் ஏறக்குறைய இதே முறையில்தான் பெருகுகிறது. மனித செல்லுக்குச் சுவரே இல்லை என்பதால், 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காஸ்போஃபஞ்சின் போன்ற மருந்துகள் குளுக்கான் நெய்யும் நொதியைத் தடுத்து, நம் செல்களை விட்டுவிட்டுப் பூஞ்சையைத் தாக்க முடிகிறது. புதுச்சுவர் எழும் அரும்புப் பகுதிதான் முதலில் நலிகிறது. ஆனால் பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக்குகள் குறிவைக்கும், பாக்டீரியாச் சுவரின் பொருளான பெப்டிடோகிளைக்கான் பூஞ்சையின் சுவரில் கிடையாது.

வாயெல்லாம் வெள்ளை படிந்திருந்த, நீரிழிவுள்ள முதியவர் ஒருவர், கடையில் தாமாகவே வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு சுற்று சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவு மாத்திரை சாப்பிட்டும் ஏன் போகல டாக்டர்?" என்று கேட்டார். வாயில் கேண்டிடாவோடு இடத்துக்குப் போட்டியிடும் பாக்டீரியாக்களை அம்மருந்து அழித்து, பூஞ்சைக்கு இடம் கொடுத்திருந்தது. அவருக்கு வேண்டியது பூஞ்சையின் செல் சவ்வைத் தாக்கும் எளிய மருந்துதான். சுவரைத் தாக்கும் ஊசி மருந்துகள் இரத்தத்தில் கேண்டிடா பரவிய நிலை போன்ற கடும் தொற்றுகளுக்கு உரியவை. அவற்றை நாம் காத்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குளுக்கான் தடைபட்டால் செல் கைட்டினைக் கூட்டிச் சுவரைத் தாங்கிப்பிடிக்கப் பார்க்கிறது; குளுக்கான் நெய்யும் நொதியின் மரபணுவில் சில மாற்றங்கள் நேர்ந்தாலோ மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. 2009இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற இனம், வழக்கமான பூஞ்சை மருந்தான ஃபுளுக்கோனசோலுக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் அதை மிக அபாயகரமான பூஞ்சைகளின் வரிசையில் வைத்தது.

ஆகவே தொற்று திரும்பத் திரும்ப வந்தால், எந்தக் கேண்டிடா என்று இனம் காணும் வளர்ப்புச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்; மாதிரி கொடுக்க வரும்போது, கடந்த வாரங்களில் சாப்பிட்ட, பூசிய மருந்துகள் அனைத்தின் சீட்டுகளையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.