சொல் விளக்கம்: டிரம் பிரேக் – முழவுத் தடுப்பி

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், ஒரு பக்கம் வாய் திறந்த இரும்புக் கலம். அதன் உட்சுவரை நோக்கி விரியும் வளைந்த இரண்டு கட்டைகள். இரண்டும் உரசுவதால் குறையும் வேகம். டிரம் பிரேக் என்பதற்கு அகராதியில் இவ்வளவு போதும். ஆனால் வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காரான ஹாட் ராட் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு "இதன் டிரம் பிரேக்கை மேம்படுத்த வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் இந்தப் பொருள் போதாது. அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்ட அமைப்புகள் இருக்கின்றன. எதிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்று சொன்னால்தான் பேச்சு தொடங்கும்.

முதலில் சொற்கள். 'பிரேக்' ஆங்கிலத்தில் எங்கிருந்து வந்தது என்பதில் சொல்லாய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆளி நார்ச் செடியின் தண்டை நசுக்கும் கருவிக்கு இருந்த டச்சுப் பெயரோடு சிலர் இணைக்கிறார்கள். நெம்புகோல், கைப்பிடி என்ற பழைய பொருளோடு சிலர் இணைக்கிறார்கள். 'டிரம்' ஒலிக்குறிப்பில் பிறந்த சொல். தோற்கருவியைக் குறித்து, பிறகு அந்த வடிவில் உள்ள எல்லாக் கலங்களுக்கும் பரவியது. பிரேக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'ஷூ' என்று பெயர் வந்த கதை இவற்றைவிடத் தெளிவானது. குதிரை வண்டி சரிவில் இறங்கும்போது சக்கரத்தின் அடியில் செருகி இழுபட விட்ட இரும்புத் துண்டுதான் முதல் 'ஷூ'. தமிழில் அதே வேலையைச் செய்தது முட்டுக்கட்டை. இன்றைக்கு அந்தச் சொல் உருவகமாகவே அதிகம் வழங்கினாலும், சைக்கிளில் 'பிரேக் கட்டை' என்று சொல்கிறவர்கள் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். எனவே 'ஷூ'வுக்குக் 'காலணி' என்று எழுதுவது எந்த வகையிலும் பொருந்தாது. அது கட்டைதான்.

பிரேக்குக்குத் தடை, தடுப்பு, தடுப்பி, நிறுத்தி என்று பல சொற்கள் ஆளப்படுகின்றன. 'தடை' என்றதும் சட்டத் தடை நினைவுக்கு வருகிறது. 'நிறுத்தி' வேலையில் பாதியைத்தான் சொல்கிறது. பிரேக் வண்டியை நிறுத்துவதைவிட வேகத்தைக் குறைப்பதே அதிகம். கருவி என்பதைத் தெளிவாகக் காட்டும் 'தடுப்பி'யே என் தேர்வு. டிரம்முக்குச் சிலர் 'உருளை' என்று எழுதுகிறார்கள். சிலிண்டருக்கும் அதே சொல்தான். டிரம் பிரேக்கின் உள்ளேயே, கட்டைகளை விரிக்கும் ஒரு சக்கர சிலிண்டர் இருப்பதால், உருளைக்குள் உருளை என்று எழுதிக் குழம்ப நேரிடும். குடமும் வாயுமாக ஒரு முழுக் கருவியைக் குறிக்கும் 'முழவு' அந்தக் குழப்பத்தைத் தராது. டிஸ்க் பிரேக்கை வட்டுத் தடுப்பி என்றால், இது முழவுத் தடுப்பி.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய வார்ப்பிரும்பு டிரம்மைக் கழற்றி, கயிற்றில் தொங்கவிட்டு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல டிரம் மணிபோல நீண்டு ஒலிக்கும். விரிசல் விழுந்தது 'டொக்' என்று அடங்கிவிடும். பழைய காரில் கை வைப்பவர்கள் இன்றும் முதலில் செய்து பார்க்கும் சோதனைகளில் இது ஒன்று.

இனி ஹாட் ராட். 1930களிலும் 40களிலும் தெற்குக் கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களின் எடையைக் குறைத்து, எஞ்சினை முடுக்கி ஓட்டிய இளைஞர்களின் வண்டிக்குப் பின்னர் வந்த பெயர் அது. 'ஹாட் ரோட்ஸ்டர்' சுருங்கியது என்பார்கள். எஞ்சினில் பிஸ்டனை இணைக்கும் தண்டான கனெக்டிங் ராடைச் சுட்டுகிறது என்றும் சொல்வார்கள். ஓர் இயக்கத்தின் இயற்பெயர் என்பதால் இதற்குத் தமிழ்ச் சொல் தேட நான் விரும்பவில்லை.

அந்த வண்டிகளுக்கெல்லாம் முன்மாதிரியாகக் கொண்டாடப்படும் 1932 ஃபோர்டில் வி8 எஞ்சின் இருந்தது. பிரேக்கோ கம்பிகளால் இயங்கியது. பெடலிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் இரும்புக் கம்பிகள் போகும்; ஒரு கம்பியின் நீளம் சற்று மாறினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இது கம்பிவிசை முழவுத் தடுப்பி. டியூசன்பெர்க் 1921இலேயே நான்கு சக்கரங்களிலும் திரவ அழுத்த பிரேக் வைத்துவிட்டது. கிரைஸ்லர் 1924இல் வைத்தது. ஃபோர்டு 1939 மாடலில்தான் மாறியது. அதனால் 1939 முதலான ஃபோர்டு பிரேக்கைக் கழற்றி முந்தைய வண்டியில் மாட்டுவது ஹாட் ராட்காரர்களின் முதல் மேம்பாடாகிவிட்டது. அதை அவர்கள் 'ஜூஸ் பிரேக்' என்றார்கள். பிரேக் ஆயில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தத்தைக் கொண்டுபோவதால், கம்பிகளைச் சரிசெய்யும் தொல்லை போயிற்று. இது திரவவிசை முழவுத் தடுப்பி.

அடுத்த படி பெயரில் தெரியாது. கட்டைகளைப் பார்த்தால்தான் தெரியும். 1939–48 ஃபோர்டின் லாக்ஹீட் அமைப்பில் இரண்டு கட்டைகளும் அடியில் தனித்தனி ஊசியில் நிற்கின்றன. வண்டி முன்னே போகும்போது ஒரு கட்டையை மட்டும் டிரம் தன் சுழற்சியாலேயே தன்மீது இழுத்து இறுக்கும். மற்றதைத் தள்ளிவிடும். பெண்டிக்ஸ் அமைப்பில் இரண்டு கட்டைகளின் அடியும் மிதக்கும் ஒரு திருகால் இணைந்திருக்கும். முன்கட்டையை டிரம் இழுக்க, அது பின்கட்டையைத் தள்ள, இரண்டும் சேர்ந்து இறுகும். பாதத்தின் விசையைச் சுழற்சியே பெருக்கித் தருவதால் இதைத் தன்விசைப் பெருக்கத் தடுப்பி என்று எழுதலாம். 1940களின் லிங்கன் கார்களின் 12 அங்குல பெண்டிக்ஸ் பிரேக்கை ஃபோர்டு அச்சுக்கு மாற்றியவர்கள் தேடி அலைந்தது இந்தப் பெருக்கத்துக்காகத்தான். இதைப் பூட்டும்போது ஒரு கவனம் தேவை: குட்டையான உராய்வுப் பட்டை உள்ள கட்டை முன்பக்கம், நீளமானது பின்பக்கம். மாறிப்போனால் பிரேக் பிடிப்பு கெட்டுவிடும்.

வெப்பம் தனிப் பிரச்சினை. நீண்ட சரிவில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து கட்டையை விட்டு விலகும். பட்டையின் பிடிப்பும் தளரும். பெடல் ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. இதற்குப் பிடிப்புத் தளர்ச்சி என்று பெயர் வைக்கலாம். 1950களின் இறுதியில் வந்த ப்யூக்கின் அலுமினிய டிரம்முக்கு ஹாட் ராட் உலகில் இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். உள்ளே உரசுவதற்கு இரும்பு வளையம், வெளியே காற்றுக்கு வெப்பத்தை விடும் துடுப்பு வரிசை. அழகுக்காக மாட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தத் துடுப்புகள் வேலை செய்யப் பிறந்தவை.

எந்த அமைப்பானாலும் கட்டையின் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்த வேண்டும். பட்டையின் மேல் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்து, டிரம்மின் உட்சுவரில் வைத்து லேசாக நகர்த்தினால், எங்கே தொடுகிறதோ அங்கே கோடு அழியும். நுனிகளில் மட்டும் அழிந்தாலோ நடுவில் மட்டும் அழிந்தாலோ பட்டையைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். பழைய பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் தூசியை ஒருபோதும் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரமாக்கித் துடைத்தெடுக்க வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில், சக்கர சிலிண்டர்களைவிடத் தாழ்வாக இருந்தால் பிரேக் ஆயில் திரும்பி வழியும். அதைத் தடுக்க, குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தங்க வைக்கும் ஒரு மிச்ச அழுத்த வால்வு வைப்பார்கள். டிரம்முக்குச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு, டிஸ்க்குக்கு 2 பவுண்டு. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று கலந்து மாட்டுகிறவர்கள் இரண்டையும் மாற்றி வைத்தால் டிஸ்க் விடாமல் உரசிச் சூடேறும். பழைய ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரில் எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனி அறை கொண்ட சிலிண்டர் அமெரிக்கக் கார்களில் 1967 மாடல்களில்தான் பரவலானது. டிரம்மை அப்படியே வைத்துக்கொள்வேன் என்பவரும் இந்த ஒன்றை மாற்றிவிடுவது நல்லது.