ரெண்டாவது மருந்து ஏன் உடனே தெரிவதில்லை?

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் கோவை, திருப்பூர்ப் பக்கத்து மருந்துக்கடைகளில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்: "அந்த ரெண்டாவது மருந்த இழுத்தா ஒண்ணுமே தெரியறதில்லீங்க, மொதோ மருந்தே போதுங்க." பேச்சு ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரில் இழுக்கும் மருந்துகளைப் பற்றியது. முதல் மருந்து, மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும் சால்புட்டமால். இரண்டாவது புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஸ்டீராய்டை இழுத்த ஐந்தாவது நிமிடம் நெஞ்சு லேசாகாது. காரணம் மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் மென்தசைக்குள் இருக்கிறது.

இந்தத் தசை நம் சொல்பேச்சு கேட்காது. ஆஸ்துமா உள்ளவருக்குப் பஞ்சுத் தூசியோ, பார்த்தீனிய மகரந்தமோ, குளிர்காற்றோ பட்டால் தானாக இறுகும், குழாய் குறுகும், வீசிங் வரும். சால்புட்டமால் தசைச் செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் பீட்டா-2 ஏற்பியில் (மருந்து பொருந்தும் புரதம்) போய் ஒட்டுகிறது. உள்ளே கால்சியம் குறைகிறது, தசை தளர்கிறது. சில நிமிட வேலைதான். நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும்.

ஆனால் தசை இறுகுவதோடு நிற்பதில்லை. வெறும் கயிறு என்றுதான் இதை வெகுகாலம் நினைத்திருந்தார்கள். உண்மையில் இந்தச் செல்களே இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, இயோடாக்சின் போன்ற வேதிச் சமிக்ஞைகளைச் சுரந்து வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. வந்தவை அழற்சியை, அதாவது குழாய்ச் சுவரின் வீக்கத்தை, கூட்ட, குழாய் இன்னும் எளிதில் சீண்டப்படுகிறது. சால்புட்டமால் இதில் பெரிதாகக் கைவைப்பதில்லை.

ஸ்டீராய்டின் பாதை வேறு. கொழுப்பில் கரைவதால் செல்லின் சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போய்விடும். அதற்கான ஏற்பி உள்ளே, ஹெச்எஸ்பி-90 என்ற துணைப்புரதத்தின் பிடியில் காத்திருக்கிறது. மருந்து வந்து பொருந்தியதும் ஏற்பி உட்கருவுக்குள் நகர்ந்து, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்கிறது. சில மரபணுக்கள் வேகமாக வாசிக்கப்படுகின்றன. அழற்சியை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி போன்ற புரதங்களின் கை கட்டப்படுகிறது. அப்புறம் மரபணுவின் நகலான ஆர்என்ஏ உருவாகி, அதிலிருந்து புதுப் புரதம் சேர்ந்து, பழைய புரதம் சிதைந்து தீர வேண்டும். சோமனூர்த் தறியில் டிசைனை மாற்றினாலும் ஏற்கெனவே ஏற்றிய பாவு ஓடித் தீர்ந்தால்தானே புதுத் துணி வெளியே வரும்? அதுபோலத்தான். செல்லுக்குள் மாற்றம் தொடங்கச் சில மணி நேரம். நோயாளி உணர நாட்கள், சில சமயம் வாரங்கள்.

எந்தெந்த மரபணுக்கள் மாறுகின்றன? 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகப் பார்த்தது. நான்கு பேரின் மூச்சுக்குழாய்த் தசைச் செல்களைத் தட்டில் வளர்த்து, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 18 மணி நேரம் கொடுத்து, செல்லின் ஆர்என்ஏ முழுவதையும் வாசித்தார்கள். 316 மரபணுக்களின் அளவு மாறியிருந்தது. எதிர்பார்த்தவை சில: அழற்சிச் சமிக்ஞையை அணைக்கும் டஸ்ப்-1, உடற்கடிகாரத்தைச் சேர்ந்த பெர்-1. எஃப்கேபிபி-5 கூடியது எனக்குப் பிடித்த விஷயம். அது ஸ்டீராய்டு ஏற்பியின் பிடிப்பையே குறைக்கிற புரதம். மருந்து தன் கடிவாளத்தையும் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆஸ்துமாவில் யாரும் அதிகம் பேசியிராத கிறிஸ்ப்எல்டி-2 என்ற மரபணுவும் கூடியது. அதைச் செயற்கையாக அடக்கியபோது, அழற்சி தூண்டப்பட்ட செல்களில் இன்டர்லூகின்-6ம் 8ம் எகிறின. தட்டில் வளர்ந்த செல்லும் மனிதரின் நெஞ்சும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் இந்தத் தரவு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு இன்று மரபணுத் தரவை அலசப் பழகுவோருக்குப் பயிற்சிப் பாடமாகவே ஆகிவிட்டது. கோவையில் உயிரித்தகவலியல் படிக்கும் பிள்ளைகள் ஆஸ்துமாவைப் பற்றி யோசிக்காமலேயே இந்த நான்கு பேரின் செல்களை அலசியிருக்கக் கூடும்.

பீட்டா-2 ஏற்பியின் மரபணுவையும் ஸ்டீராய்டு தூண்டுகிறது. சால்புட்டமாலை மட்டும் அடிக்கடி இழுத்தால் அந்த ஏற்பிகள் குறைந்து, மருந்தின் வேலையும் மங்கும். ஆக, "ஒண்ணுமே தெரியாத" இரண்டாவது மருந்துதான் முதல் மருந்து ஒட்டுவதற்கு இடம் தயார் செய்கிறது. உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்புட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019இல் சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு என்றாலே "வேண்டாமுங்க, அது பழகிப்போயிரும்" என்கிற பயத்துக்கு அளவைப் பார்த்தால் போதும். ஒரே ஒரு 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மாத்திரையில் 5,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு இழுப்புக்குப் பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு ஸ்டீராய்டு, ஒன்றுக்கொன்று அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் இழுக்கும் மருந்து நேரே குழாய்க்குப் போவதால் உடம்பு முழுக்கப் பரவுவது மிகக் குறைவு. ஒரு பங்கு தொண்டையில் தங்கும். கொப்பளிக்காவிட்டால் வாயில் பூஞ்சைப் படலம் வரலாம், குரல் கம்மலாம். அதிக அளவை ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்குப் பக்கவிளைவு உண்டுதான். அதனால்தான் கட்டுக்குள் வந்ததும் டாக்டர்கள் அளவைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

எல்லாம் இதனால் ஆகிவிடாது. புகை பிடிப்பவர்களுக்கு இதே மருந்து குறைவாகவே வேலை செய்கிறது. அழற்சி மரபணுக்களை மூடி வைக்க ஸ்டீராய்டு துணைக்கு அழைக்கும் ஹெச்டாக்-2 என்ற நொதியைப் புகை குறைத்துவிடுவது ஒரு காரணம். இன்னொன்று, ஸ்டீராய்டு டிஎன்ஏவின் எழுத்துகளைத் திருத்துவதில்லை. வாசிப்பை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்தினால் ஏற்பி டிஎன்ஏவை விட்டு விலகும், தசைச் செல் பழைய வாசிப்புக்கே திரும்பும். நிறுத்திய மறுநாளே வீசிங் வராமல் போகலாம்; பலருக்கு அது வாரங்கள் கழித்துத்தான் வருகிறது. அதற்குள் மருந்தை நிறுத்தியதே மறந்துபோய், பழியைப் பனியின் மேல் போடுகிறார்கள்.