பிரைவசியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கொழிஞ்சாம்பாறையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். டிஸ்பிளே மாற்ற வருகிறவர்களிடம், "லாக்கை நீங்களே திறந்து குடுங்க, நம்பரைச் சொல்ல வேண்டாம்" என்பேன். போன வாரம் ஓர் அக்கா, நாலு பேர் நிற்கும்போதே நம்பரைச் சத்தமாகச் சொன்னார். "இதுல மறைக்கறதுக்கு என்ன தம்பி இருக்கு?" என்றும் கேட்டார். "பிரைவசிக்கா..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் தமிழில் சொல் வரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் மனசைக் குடைகிறது.

பிரைவசிக்கு மூலம் 'பிரீவாத்துஸ்' என்ற லத்தீன் சொல். பொது வாழ்விலிருந்து விலகியவர், அரசுப் பதவி வகிக்காதவர் என்று பொருள். நம் 'பிரிவு' காதில் விழுகிறது அல்லவா? பொருளும் ஒத்துப்போகிறது. ஆனாலும் இரண்டுக்கும் உறவில்லை, தற்செயல்தான்.

எல்லையில் இருப்பதால் எனக்கு மலையாளச் சொல்லும் பழக்கம். பிரைவசியை 'ஸ்வகார்யத' என்கிறார்கள். ஸ்வ என்றால் தன், கார்யம் என்றால் காரியம். தனியார் பஸ்ஸும் அங்கே ஸ்வகார்ய பஸ்தான். "ஒரு ஸ்வகார்யம் பறயட்டெ" என்றால் காதோடு காதாக ஒன்று சொல்லட்டுமா என்று கேட்பது. தன் காரியம் என்ற பொருள் எல்லாவற்றிலும் இருக்கிறது. நாம் பஸ்ஸுக்குத் 'தனியார்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, மனிதருடைய பிரைவசிக்கு வேறு சொல்லைத் தேடப் போய்விட்டோம்.

முதலில் கிடைப்பது 'அந்தரங்கம்'. வடமொழியில் 'அந்தர்' உள், 'அங்கம்' உறுப்பு. உள்ளே இருப்பது என்ற நல்ல பொருள்தான். ஆனால் இன்றைய பேச்சில் அது உடம்பையும் படுக்கையறையையுமே நினைவுபடுத்துகிறது. என் போன் நம்பரையும் மருந்துச் சீட்டையும் அந்தரங்கம் என்றால் கேட்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். அந்தச் சொல்லிலேயே ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து 'தனியுரிமை'. சட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், பிரைவசி அடிப்படை உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அது அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அங்கே தனியுரிமை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வீட்டில்? "இந்த ரூமில் பிரைவசியே இல்லை" என்பதைத் தனியுரிமையே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது உரிமையைச் சொல்கிறது, நிலையைச் சொல்லவில்லை.

அந்த நிலைக்கு என் தேர்வு 'மறைவு'. "இந்த ரூமில் மறைவே இல்லை" என்றால் பாட்டிக்கும் புரியும். செய்தித்தாளில் மறைவு என்றால் இறப்பு, உண்மைதான். ஆனால் இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதல்ல. குளிக்கிற இடத்துக்கு ஓலைத் தட்டி கட்டி மறைவு செய்தோமே, அதற்குள் என்ன தப்பு நடக்கிறது என்று யாராவது கேட்டார்களா? அக்காவின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

வேரும் பழையது. ரகசியத்துக்கு வள்ளுவர் சொன்ன சொல் 'மறை'. 1076ஆம் குறள்:

அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட
மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்.

கேட்ட ரகசியத்தைச் சுமந்துபோய்ப் பிறருக்குச் சொல்வதால் கயவர் அடிக்கப்படும் பறையைப் போன்றவர். டார்ச் ஆப் ஒன்று காண்டாக்ட் பட்டியலுக்கு அனுமதி கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 'உய்த்துரைத்தல்' ஞாபகம் வரும். விளக்கு எரிய உறவினர் நம்பர் எதற்கு? ஆண்ட்ராய்டு 12 வந்த 2021 முதல், மைக்கோ கேமராவோ ஓடினால் திரையின் மேல் மூலையில் பச்சையாக ஓர் அடையாளம் தெரியும். நாம் எதையும் பதிவு செய்யாதபோது அது எரிந்தால், எந்த ஆப் என்று பார்த்து அனுமதியை எடுத்துவிடுங்கள். கடையில் எல்லாருக்கும் முதலில் காட்டுவது அதைத்தான்.

நேற்று அந்த அக்கா போனை வாங்க வந்தார். ஜெராக்ஸ் கடை நம்பருக்கு ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பப் போவதாகச் சொன்னார். முதல் 8 இலக்கங்களை மறைத்து, கடைசி 4 மட்டும் தெரிகிற ஆதாரை அதன் இணையதளத்திலேயே இறக்கலாம் என்று காட்டினேன். நான் பிரைவசி என்ற சொல்லையே எடுக்கவில்லை. "அப்ப அந்த மறைச்சதையே அனுப்பு தம்பி" என்றார்.