பிடுங்காதீர்கள், இடத்தையும் சொல்லாதீர்கள்

மறுபடியும் ஒரு படம் வந்திருக்கிறது. வேரோடு பிடுங்கிய ஓர் ஆர்க்கிட், அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் கை, பின்னால் மங்கலாக மழைக்காடு. "இது புது இனமா? அங்கேயே விட்டால் அழிந்துவிடும் என்று எடுத்து வந்துவிட்டேன்" என்று கீழே ஒரு குறிப்பு. படத்துக்குள் ஜிபிஎஸ் விவரம் அப்படியே இருக்கிறது. என்னிடம் வருவதற்கு முன்பே அது பல குழுக்களில் சுற்றியும் விட்டது. தாவர வகைப்பாட்டில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் அந்தக் கேள்வி. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு புது இனம் என்று சொல்ல முடியாது. "நான் இதுவரை பார்த்ததில்லை" என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்புறம் அதன் நெருங்கிய உறவுகள் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். அந்த மாதிரிகள் பல நாடுகளின் உலர்தாவரக் காப்பகங்களில் சிதறிக் கிடக்கும். மழைக்காட்டு மரம் என்றால் பாடு இன்னும் அதிகம். இலையெல்லாம் ஒரே சாயலில் இருக்கும், பூவும் காயும் கையில் இல்லாமல் நகர முடியாது. தென்கிழக்கு ஆசியாவின் டிப்டிரோகார்ப் என்ற உயர்ந்த காட்டு மரங்களோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும்.

2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, புதிதாக விவரிக்கப்படும் தாவர இனங்களில் சுமார் 16 சதவீதம்தான் சேகரித்த ஐந்து ஆண்டுகளுக்குள் பெயர் பெறுகின்றன. ஏறக்குறைய கால்வாசி இனங்களின் விவரிப்பில் 50 ஆண்டுகளுக்கும் பழைய மாதிரிகள் இருந்தன. பொலிவியாவின் ராட்சத அல்லியான விக்டோரியா பொலிவியானாவுக்கு 2022-இல்தான் பெயர் கிடைத்தது. அதன் மாதிரி லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் காப்பகத்தில் 177 ஆண்டுகளாக வேறு இனத்தின் பெயரில் கிடந்தது. ஆகவே அவசரப்பட்டுப் பிடுங்கி எங்களுக்கு உதவ வேண்டாம். எங்கள் அலமாரிகளிலேயே வேலை நிறைய இருக்கிறது.

சரி, இப்போது அந்த "அழிந்துவிடும் என்று எடுத்து வந்தேன்" என்ற பேச்சு. என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். எடுத்து வந்தவர் ஓர் இனத்தைக் காப்பாற்றிவிட்டதாக நம்புகிறார். அவர் எடுத்து வந்தது ஒரே ஒரு செடி. ஆர்க்கிட் விதை தூசியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதற்குள் முளைக்கத் தேவையான சேமிப்பு கிடையாது. காட்டில் அது முளைக்க வேண்டும் என்றால் பொருத்தமான பூஞ்சை அந்த மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்க வேண்டும். பூத்தால் மகரந்தத்தைச் சுமக்கப் பூச்சி வேண்டும், பல ஆர்க்கிட்டுகளுக்கு அது ஒன்றிரண்டு வகைப் பூச்சிகள்தான். இவை எதுவும் உங்கள் தொட்டிக்குக் கூடவே வராது. தொட்டியில் அது பூக்கலாம், சில ஆண்டுகள் நன்றாகவும் இருக்கலாம். ஆனால் ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று மதிப்பிடும்போது காட்டில் நிற்கும் செடிகளைத்தான் எண்ணுவோம். உங்கள் தொட்டிச் செடி அந்தக் கணக்கில் செத்த செடி. அந்த இனத்தில் மொத்தமே முப்பது நாற்பது செடிகள்தான் மிஞ்சியிருந்தால், ஒன்றைக் குறைத்தவர் நீங்கள்.

"நீங்களும்தானே பறிக்கிறீர்கள்?" என்று உடனே கேட்பார்கள். பறிக்கிறோம். அனுமதி வாங்கி, அந்த இடத்தில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்த பிறகு, முடிந்தவரை பூவோ காயோ உள்ள ஒரு கிளையை மட்டும். செடிகள் மிகக் குறைவென்றால் படமும் குறிப்பும் எடுத்துக்கொண்டு, அதைத் தொடாமலே திரும்புவதும் உண்டு.

"விதை வங்கிதான் இருக்கிறதே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விதை வங்கியில் விதையை நன்றாக உலர்த்தி மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். கோகோ, பலா, மா, பல டிப்டிரோகார்ப் மரங்கள் போன்றவற்றின் விதை உலர்ந்தாலே செத்துவிடும். மிக மோசமான ஆபத்தில் உள்ள தாவரங்களில் சுமார் 36 சதவீதம் இந்த ரகம் என்று 2018-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றை வைக்க நம்பகமான இடம் காடுதான்.

இனி, இடம். வடக்கு வியட்நாமின் ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்றுக்கு 1999-இல் பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸே என்று பெயர் வைத்தார்கள். அது எங்கே வளர்கிறது என்று தெரிந்த சில ஆண்டுகளுக்குள் வியாபாரத்துக்காகச் சேகரிப்பவர்கள் அதை ஏறக்குறையத் துடைத்து எடுத்துவிட்டார்கள். பெருவில் 2002-இல் பெயரிடப்பட்ட ஃபிராக்மிபீடியம் கோவாச்சியை ஒருவர் சாலையோரக் கடையில் வாங்கி, சைட்டிஸ் என்ற, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். வழக்கும் தண்டனையும் வந்தன, இருந்தும் அவர் பெயர் அந்தச் செடிக்கு நிலைத்துவிட்டது. செடிக்கு வைத்த பெயரை அதற்குரியவரின் நடத்தைக்காக மாற்ற எங்கள் விதியில் அவ்வளவு எளிதாக இடமில்லை, என்ன செய்வது. இடம் தெரிந்ததும் அந்தச் செடியும் மூட்டை மூட்டையாகக் காட்டைவிட்டுப் போனது.

பெயர் வைக்காத இனங்களின் நிலை இன்னும் மோசம். இன்னும் விவரிக்கப்படாத தாவரங்களில் நான்கில் மூன்று ஏற்கெனவே ஆபத்தில் இருக்கலாம் என்று கியூ 2023-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, பொதுமக்கள் உயிரினங்களின் படங்களை ஏற்றும் இணையதளங்கள் ஆபத்தான இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கும். ஆனால் பட்டியலில் பெயரே இல்லாத செடியை அது எப்படி மறைக்கும்? நீங்கள்தான் மறைக்க வேண்டும்.

ஆகவே இதைச் செய்யுங்கள். கேமராவின் இட விவரத்தை அணைத்துவிட்டு, பகிர்வதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். தளத்தில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் வசதியை நீங்களே தேர்ந்தெடுங்கள். மலையின் பெயர், அருவியின் பெயர், வழித்தடம் எதுவும் தலைப்பில் வேண்டாம். பின்னணியில் அடையாளம் தெரியும் பாறை இருந்தாலே சேகரிப்பவனுக்குப் போதும். முழுச் செடி, இலையின் மேலும் கீழும், இலை தண்டில் எப்படி அமர்ந்திருக்கிறது, பூவின் முன்புறம், பக்கம், உள்ளே என்று படம் எடுங்கள். அளவுக்கு ஓர் அளவுகோலை அருகில் வையுங்கள். காம்பில் பால் வடிந்திருந்தால் அதன் நிறம், வாசனை இருந்தால் அதையும் எழுதுங்கள். பூவை மட்டும் அழகாக, மற்றதெல்லாம் மங்கலாக எடுத்த படத்தை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது, தயவுசெய்து.

செடி வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளர்ப்பில் பெருக்கியதா என்று கேளுங்கள். கிழிந்த, பூச்சி அரித்த பழைய இலைகள், வேரில் ஒட்டிய மரப்பட்டையும் பாசியும், ஒரே இனத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் எல்லாம் காட்டிலிருந்து வந்ததற்கான அறிகுறிகள். அப்படி இருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் சரி.

இடத்தை ஒரு தாவரவியலாளருக்குத் தனியாக அனுப்புங்கள், அவர் கேட்டால் மட்டும் துல்லியமாக. பதில் தாமதமானால் ஒருமுறை நினைவூட்டுங்கள். பூ வாடுவதற்குள் அதன் உட்புறத்தை இன்னொரு படம் எடுக்க முடியுமா என்று பெரும்பாலும் திருப்பிக் கேட்போம், அதற்காகவாவது செடி அங்கேயே நிற்கட்டும்.