"மனு நம்பர் இருக்கா?"

திங்கட்கிழமை மதியம் ஆனால் என் போன் ஓயாது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்வு நாள். மனு கொடுத்த கையோடு கூப்பிடுவார்கள்: "பேப்பர்ல போடுங்க சார், அப்பத்தான் வேலை நடக்கும்." நான் கேட்பது ஒன்றுதான்: "மனு நம்பர் இருக்கா?" பாதிப் பேரிடம் ரசீதே இருக்காது.

இருபது வருடமாக வேலூரில் நிருபர் வேலை. செய்தி வந்த அன்று காலை மக்கள் தொடர்பு அலுவலகத்தில் மாவட்டப் பக்கங்களைப் பார்த்து, குறை சொல்லும் செய்திகளை மட்டும் வெட்டி எடுப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பிலேயே போய்விடுகிறது. கலெக்டர் பார்த்ததும் அது துறைக்கு இறங்கும். துறை பதில் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலும் சுதேசிப் பத்திரிகைகளை மொழிபெயர்த்து மேலே அறிக்கை அனுப்பினார்கள், யார் முணுமுணுக்கிறார்கள் என்று பார்க்க. சில ஆபீஸ்களில் இன்றும் அதற்குத்தானோ என்று தோன்றும்.

சாயங்காலம் அங்கிருந்து இங்கே வரும்: செய்திக்குறிப்பு, 'ஆய்வு செய்தார்' படம். அதை அப்படியே போடுவது எங்கள் சோம்பல்.

பதில் எழுத உட்காரும் அதிகாரி முதலில் தேடுவது செய்தியில் உள்ள தப்பைத்தான். குடியாத்தம் பக்கம் ஒரு தெருவின் குடிநீர்ப் பிரச்சினையை எழுதியபோது 7-வது வார்டை 17 என்று போட்டுவிட்டேன். மறுநாளே மறுப்பு: "17-வது வார்டில் குடிநீர் சீராக வழங்கப்படுகிறது." பொய்யே இல்லை. அந்தக் கோடை முழுக்க 7-வது வார்டுப் பெண்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள்.

கட்டிங்கை லேமினேட் செய்து வக்கீலிடம் ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. செய்தி மட்டுமே சாட்சியமாகாது, கேள்விப்பட்ட பேச்சு மாதிரிதான் என்று 1988-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கைப் பாருங்கள். 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் ஏறியது ஒரு கணக்கு: ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ். அளந்து சொன்னது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம்.

மனு கிடப்பில் கிடந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, இன்ன நம்பர் மனு மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்தாலும் செய்தி, வராவிட்டாலும் செய்தி.

அந்தத் தெரு அம்மா ஒருவர் இப்போதெல்லாம் ரசீதைப் போட்டோ எடுத்தே அனுப்புகிறார், வார்டு எண்ணைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஏழு, தம்பி. பதினேழு இல்ல."